முப்பது லட்சம் வருடம், ஒரே அறை, ஒரு சூப் மெஷின்

ஊர் அளவுக்குப் பெரிய ஒரு விண்கப்பல். அதில் ஆகக் கீழான பதவியில் இருக்கும் இரண்டு பேருக்கு என்ன வேலை தெரியுமா? உணவு தரும் மெஷின்களைப் பழுது பார்ப்பது. சிக்கன் சூப் வரும் குழாய் அடைத்துக்கொண்டால் குத்திவிடுவது. அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரி. எப்படியாவது ஆபீசர் ஆகிவிடத் துடிப்பவர். கையெல்லாம் பிட் எழுதிக்கொண்டு போயும் பரீட்சையில் ஃபெயிலாகிறவர். மற்றவனுக்கு எதுவும் ஆக வேண்டாம், சாப்பாடும் தூக்கமும் போதும். தூங்குவது ஒரே அறையில், மேல் பங்க் ஒருவருக்கு, கீழ் பங்க் இன்னொருவருக்கு.

ஒரு நாள் கதிர்வீச்சு கசிந்து கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் இறந்துபோகிறார்கள். திருட்டுத்தனமாகப் பூனை வளர்த்ததற்குத் தண்டனையாக, காலம் நகராத ஒரு அறைக்குள் அடைக்கப்பட்டிருந்த அந்தச் சோம்பேறி மட்டும் பிழைக்கிறான். கசிவு அடங்கிக் கதவு திறக்கும்போது முப்பது லட்சம் வருடம் ஓடியிருக்கிறது. அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடக் கூடாதே என்று கப்பல் கம்ப்யூட்டர் இறந்தவர்களில் ஒருவரை ஹோலோகிராமாக, அதாவது ஒளியால் ஆன உருவமாக, எழுப்பிக் கொடுக்கிறது. யாரை? அதே பரீட்சை ஃபெயில் அறைத்தோழரை.

1988 பிப்ரவரியில் பிபிசி 2 சேனலில் தொடங்கிய ‘ரெட் ட்வார்ஃப்’ என்ற தொடரின் முதல் எபிசோட் இது. எழுதியவர்கள் ராப் கிராண்ட், டக் நெய்லர். பிபிசி ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருப்பி அனுப்பிய ஸ்கிரிப்ட். குறைந்த செலவில் அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடர் எழுத நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. மேலே சொன்ன கதையை ஒரு தடவை கதையாகப் படித்தீர்கள். அதையே இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் கண்ணால் இன்னொரு தடவை படியுங்கள்.

அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்றால் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வேண்டாம், சாப்பாடு, பேட்டா எதுவும் கொடுக்க வேண்டாம். முப்பது லட்சம் வருடம் ஆகிவிட்டது என்றால் எதிர்காலப் பூமியைக் காட்ட வேண்டாம். இருவருக்கும் ஒரே அறை என்றால் ஒரு செட் போதும். ஹோலோகிராம் என்றதும் ஏதோ ஒளி ஊடுருவும் உருவம் நம் மனதில் வருகிறதே, அதுவும் கிடையாது. நடிகரின் நெற்றியில் ‘ஹெச்’ என்ற எழுத்தை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இது போக, எழுத்தாளர்கள் இருவரும் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டார்கள்: இந்தப் பிரபஞ்சத்தில் வேற்றுக்கிரகவாசிகளே கிடையாது. பின்னால் விசித்திரப் பிராணிகள் வந்தபோதும் அவை மனிதன் உண்டாக்கியவை என்றுதான் கதை சொன்னது.

கதையைச் சுவாரசியமாக்கும் ஒவ்வொரு முடிவும் செலவையும் குறைக்கிறது. தனிமை, சலிப்பு, பிடிக்காத ஆளோடு மாட்டிக்கொண்ட அவஸ்தை எல்லாம் கதைக்கு வேண்டியவை. அவையே காசு இல்லாததால் வந்தவையும்கூட. கதையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பட்ஜெட்டுக்குள் அடக்கவில்லை. காசு இல்லை என்பதையே கதையின் உலகத்துக்குச் சட்டமாக மாற்றிவிட்டார்கள். நான் இங்கே விளக்க வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஒரே ஒரு பொய்

அறிவியல் புனைவில் வாசகனோ பார்வையாளனோ நமக்கு ஒரு பொய் சொல்ல அனுமதி தருகிறான். ‘சரி, காலத்தில் பின்னால் போகலாம், அப்புறம்?’ என்று உட்கார்ந்துகொள்வான். இரண்டாவது பொய்யைச் சொல்லும்போது சந்தேகம் வரும். மூன்றாவதற்கு எழுந்து போய்விடுவான். காசு குறைவாக இருக்கும்போது ஒரே பொய்யோடு நிறுத்துவது வசதியும்கூட, ஏனென்றால் ஒவ்வொரு பொய்க்கும் தனியாக ஒரு ப்ராப்பர்ட்டியோ (காட்சியில் வைக்கும் பொருள்) கிராஃபிக்ஸோ தேவைப்படும்.

ஆனால் அந்தப் பொய்யால் என்னவெல்லாம் முடியும் என்று பட்டியல் போட்டால் நகைச்சுவை வராது. என்ன முடியாது என்று யோசித்தால்தான் வரும். ரெட் ட்வார்ஃபின் ஹோலோகிராம் மனிதர் எதையும் தொட முடியாது. இதற்கு எந்தச் செலவும் இல்லை, நடிகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் இதிலிருந்து எத்தனை காட்சிகள் பிறக்கின்றன பாருங்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்றால் பக்கத்தைப் புரட்ட யாராவது வேண்டும். அதிகாரம் செய்யத் துடிக்கும் ஆள் ஒரு கதவுக் கைப்பிடியைத் திருகக்கூடக் கீழே வேலை பார்த்தவனிடம் கெஞ்ச வேண்டும். பதவி எல்லாம் இவரிடம், கை மட்டும் அவனிடம்.

இன்னொரு சட்டமும் உண்டு. கப்பலின் மின்சக்தியில் ஒரே ஒரு ஹோலோகிராமைத்தான் ஓட்ட முடியும் என்று முதல் சீசன் சொல்லிக்கொண்டே வருகிறது. சோம்பேறிக்கோ தன் பழைய காதலியை எழுப்ப ஆசை. அதற்கு இவரை ஸ்விட்ச் ஆஃப் செய்ய வேண்டும். இவர் எப்படி ஒப்புக்கொள்வார்? சண்டைக்குக் காரணம் தேடி எழுத்தாளர் அலைய வேண்டியதே இல்லை, சட்டமே தேடித் தருகிறது. ஐந்தாவது எபிசோடின் முடிவில் ஒருவழியாக இரண்டாவது ஹோலோகிராமுக்கு வழி கிடைக்கிறது. வந்து நிற்பது காதலி இல்லை, இதே மனிதரின் இன்னொரு பிரதி! சீசனின் கடைசி எபிசோடான ஆறாவதில், உலகத்திலேயே தன்னைப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் கிடைத்துவிட்டான் என்று குதூகலமாகப் பக்கத்து அறைக்குக் குடிபோகிறார். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் கத்திக்கொள்ளும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது. புது நடிகர் தேவைப்படவில்லை, புது செட்டும் பெரிதாக இல்லை. அதுவரை காத்து வந்த ஒரு சட்டத்தை மீறியதுதான் அந்த எபிசோடின் மொத்த முதலீடு.

ஆகவே எழுத உட்காருமுன் ஒரு தாளில் உங்கள் பொய்யை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே ‘ஆனால்’ என்று எழுதி மூன்று தடைகள் போடுங்கள். தடை எழுத வரவில்லை என்றால் அந்தப் பொய்யை வைத்து ஒரு குறும்படம் எடுக்கலாம், தொடர் எடுக்க முடியாது.

சம்பளம் கேட்கும் வரிகள்

என் முதல் அறிவியல் நகைச்சுவை ஸ்கிரிப்டின் முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘அதிகாலை. மெரினா. ஐநூறு ரோபோக்கள் வாக்கிங் போகின்றன.’ கேமராமேனாக இருக்கும் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே மூடி வைத்துவிட்டார். ‘ஒரே ஒரு ரோபோ வாக்கிங் போயிட்டு வீட்டுக்குள்ள வந்து மூச்சு வாங்கறதை எழுது’ என்றார். ‘ரோபோவுக்கு எதுக்கு மூச்சு வாங்கணும்?’ என்றேன். ‘அதான் ஜோக்கு’ என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஐநூறு ரோபோவைவிட அது நன்றாகவே இருந்தது.

பேப்பரில் எல்லா வரியும் ஒரே விலைதான். ஷூட்டிங்கில் அப்படி இல்லை. இதற்கு நல்ல உதாரணம் டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’. 1978-இல் பிபிசி ரேடியோ 4-இல் அது வானொலித் தொடராக வந்தது. அதில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தலை என்று போகிற போக்கில் ஒரு வரி. ரேடியோவில் இரண்டு தலைக்கும் ஒரு தலைக்கும் ஒரே சம்பளம், கேட்கிறவர்களே கற்பனை செய்துகொண்டார்கள். 1981-இல் அதே கதை தொலைக்காட்சிக்கு வந்தது. இப்போது தலை வேண்டுமே! மோட்டார் வைத்து ஒரு பொம்மைத் தலை செய்து நடிகரின் தோளில் கட்டினார்கள். அது அடிக்கடி மக்கர் பண்ணி, பல காட்சிகளில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நகைச்சுவை எழுத்தாளர்கள் எல்லோரும் அந்தத் தலையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

எதற்கெல்லாம் விலை ஏறும் என்பது கொஞ்சம் ஷூட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு வெளிப்புறம் என்று எழுதினால் லைட், ஜெனரேட்டர் என்று ஆரம்பிக்கும். புது லொகேஷன் என்றால் அனுமதி, வண்டி, யூனிட் இடம் மாறும் அரை நாள். குழந்தை, நாய், மழை மூன்றும் நேரத்தைத் தின்னும். சாப்பிடும் காட்சி சல்லிசு என்று நினைப்போம். ஒவ்வொரு ரீடேக்குக்கும் தட்டில் அதே அளவு சோறு இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைக்கும். மாறாக, ஆஃப் ஸ்க்ரீனில் ஒரு குரல், கதவுக்கு வெளியே ஒரு சத்தம், போனில் ஒரு ஆள், சன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கும் முகம் எல்லாம் கிட்டத்தட்ட இலவசம். விண்கப்பல் வெடிப்பதைக் காட்ட முடியாதுதான். வெடிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் ‘நம்ம பைக் அதுக்குள்ளதானே இருந்துச்சு?’ என்று கேட்பதைக் காட்டலாம்.

இந்தக் கட்டாயத்திலிருந்து பெரிய கண்டுபிடிப்புகளும் வந்திருக்கின்றன. 1966-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஆட்கள் நின்ற இடத்தில் மினுமினுத்து மறைந்து கிரகத்தில் போய்த் தோன்றுவார்களே, அது விஞ்ஞான ஆசையில் பிறந்ததல்ல. வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் காசு போதாது என்பதால் பிறந்தது. அதோடு கதையும் வேகமாயிற்று, இறங்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலிவாக இருப்பதே சிரிப்பு ஆகிவிடாது. அட்டைப்பெட்டியில் வெள்ளிப் பேப்பர் ஒட்டி ‘பாருங்கள், எங்கள் ரோபோ எவ்வளவு மட்டமாக இருக்கிறது’ என்று கண்ணடிப்பது முதல் இரண்டு நிமிடம் எடுபடும். பிறகு? 1974-இல் வெளியான ‘டார்க் ஸ்டார்’ என்ற படத்தை ஜான் கார்பென்டரும் டான் ஓ'பேனனும் மாணவர் படமாகத்தான் தொடங்கினார்கள். அதில் வரும் வேற்றுக்கிரகப் பிராணி, கடற்கரையில் உதைத்து விளையாடும் பெரிய காற்றுப் பந்துக்குப் பாதம் வைத்தது. பார்த்ததும் சிரிப்பு வரும், உண்மைதான். ஆனால் அந்தக் காட்சி ஓடுவது பந்தால் அல்ல. அதற்குத் தீனி போடும் வேலை தலையில் விழுந்த ஒருவனின் கடுப்பால். ‘நான் ஏன் இதைச் செய்ய வேண்டும்’ என்று முனகிக்கொண்டே போகிறவன், கடைசியில் லிஃப்ட் குழிக்குள் அந்தரத்தில் தொங்குகிறான். அவன் அந்தப் பந்தை ஒரு நொடிகூடப் பந்தாகப் பார்ப்பதில்லை. நடிகர் நம்பினால்தான் நாம் சிரிக்கிறோம். இதே ஓ'பேனன் கொஞ்ச வருடம் கழித்து, கப்பலுக்குள் பிராணி என்ற அதே சரக்கைப் பயமுறுத்தும் கதையாக எழுதினார். 1979-இல் வந்த ‘ஏலியன்’ அதுதான்.

கதவைச் சாத்திவிட்டால்

ஒரே இடம், ஏற்கனவே இருக்கும் நடிகர்கள், புதுச் செலவு இல்லை என்று எடுக்கும் எபிசோடை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் பாட்டில் எபிசோட் என்பார்கள். சீசனில் எங்கோ காசு அதிகம் போய்விட்டால் அதைச் சரிக்கட்டப் பாட்டில் ஒன்று எழுதுவது வழக்கம். நம்மைப் போன்றவர்களுக்கு எல்லா எபிசோடும் பாட்டில்தான். ஆகவே அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது நல்லது.

1989-இல் வந்த ரெட் ட்வார்ஃப் மூன்றாவது சீசனில் ‘மரூன்ட்’ என்று ஒரு எபிசோட். பனிக்கிரகம் ஒன்றில் சின்னக் கப்பல் மாட்டிக்கொள்கிறது. உள்ளே அதே இரண்டு பேர். பெரும்பகுதி அவர்கள் பேசிக்கொண்டிருப்பதுதான். சாப்பாடு தீர்ந்துபோய்ச் சோம்பேறி நாய்த் தீனி டப்பாவைத் திறக்கிறான். குளிருக்கு எரிக்க விறகு இல்லை. புத்தகங்கள் போகின்றன, பணம் போகிறது. கடைசியாக மிஞ்சுவது இரண்டு பேருடைய அருமைப் பொருட்கள். இவனுடைய கிதார். அவருக்கு அப்பா கொடுத்த மரப்பெட்டியும், உயிராகப் பாதுகாக்கும் பொம்மைச் சிப்பாய்களும்.

சோம்பேறி கிதாரை எரிக்க ஒப்புக்கொண்டு, கடைசியாக ஒரு பாட்டு வாசித்துக்கொள்கிறேன், என்னைத் தனியாக விடு என்கிறான். அவர் வெளியே போனதும் அந்த மரப்பெட்டியின் பின்பக்கத்தைக் கிதார் வடிவத்தில் அறுத்து எடுத்து நெருப்பில் போடுகிறான். திரும்பி வந்தவர் எரியும் வடிவத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறார். இவ்வளவு பெரிய தியாகமா! தானும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தன் சிப்பாய்களை நெருப்புக்குக் கொடுக்கிறார். பொய்யன் இப்போது குற்ற உணர்ச்சியில் நெளிகிறான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கிதார் அளவுக்கு ஓட்டை இருக்கும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இதில் விண்வெளி எங்கே இருக்கிறது? சன்னலுக்கு வெளியே. ப்ராப்பர்ட்டி என்று பார்த்தால் ஒரு கிதார், ஒரு பெட்டி, கொஞ்சம் பொம்மை, ஒரு டப்பா. ஆனால் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவருக்கு உயிர். எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் பொருட்களைக் குறையுங்கள், ஆனால் மிஞ்சுவது ஒவ்வொன்றையும் ஒருவர் காப்பாற்றவும் இன்னொருவர் அழிக்கவும் நினைக்கும்படி செய்யுங்கள்.

பாட்டிலுக்கு மூடி முக்கியம். அவர்களால் ஏன் வெளியே போக முடியாது? நகைச்சுவைத் தொடர்களில் குடும்பம், ஆபீஸ், ஹாஸ்டல் என்று வருவதெல்லாம் இதனால்தான், பிடிக்காவிட்டாலும் எழுந்து போக முடியாத இடங்கள். விண்வெளி அதைவிட வசதி, கதவைத் திறந்தால் காற்றே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அறிவியல் புனைவும் குடும்ப நகைச்சுவையும் நெருங்கிய சொந்தம் என்று எனக்குத் தோன்றும்.

நிஜ அறிவியல் சும்மா கிடைக்கிறது

அறிவியல் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. செவ்வாயில் இருந்து ரேடியோ செய்தி பூமிக்கு வர, இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். ஒளியின் வேகம் அவ்வளவுதான், எந்தக் கம்பெனி பிளான் போட்டாலும் அது ஏறாது. இப்போது ஒரு கணவன் செவ்வாயில், மனைவி சேலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கோபமா இருக்கீங்களா?’ என்று கேட்கிறாள். அவன் கேட்ட உடனேயே ‘இல்லையே’ என்கிறான். ஆனால் அவளுக்குப் பதில் வந்து சேர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிட மௌனத்தில் அவள் அவனுடைய அம்மா, தங்கை, கல்யாணத்தில் நடந்தது எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருப்பாள். ‘இல்லையே’ என்று திரையில் வந்ததும், ‘இதைச் சொல்ல இவ்ளோ நேரம் யோசிக்கணுமா?’ என்பாள். இயற்பியல் நூறு சதவீதம் சரி. செட் என்று பார்த்தால் ஒரு ஹாலும் ஒரு லேப்டாப்பும்.

வாய்க்குள் நுழையாத வார்த்தைகளை அடுக்குவதால் அறிவியல் புனைவு ஆகிவிடாது. ‘குவாண்டம்’ என்ற சொல்லை முதல் வரைவில் எத்தனை முறை எழுதினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் போனால், அநேகமாக அந்த இடத்தில் உங்களுக்கே கதை தெரியவில்லை. சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய் நமக்கு நினைவிருப்பது அதன் சர்க்யூட்டுக்காக இல்லை, அது பேசிய பேச்சுக்காகத்தான்.

ஒரு காட்சி எழுதிப் பார்ப்போம்

சரி, இவ்வளவு சொன்னதற்கு நானும் ஒன்று எழுதிக் காட்ட வேண்டும். பொய்: ஒருவனுக்கு நாளைய தானே போன் செய்கிறான். தடைகள்: சரியாக 24 மணி நேரம் கழித்து இருக்கும் ‘தான்’ மட்டும்தான் பேச முடியும், அதுவும் ஒரு முறைதான். இவனால் திருப்பி அழைக்க முடியாது. மூன்றாவது தடைதான் முக்கியம்: நாளைக்கு இருப்பவன் இதே ஆள்தான், அதனால் அவனுக்கும் பொறுமை கிடையாது. இடம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. குமரன், பாஸ்கர் என்று இரண்டு பேர்.

இரவு 9 மணி. பாஸ்கர் பரோட்டா பார்சலைப் பிரிக்கிறான். குமரனின் போன் அடிக்கிறது. திரையில் அவனுடைய நம்பரே தெரிகிறது.

குமரன்: ஹலோ?

குரல்: நான்தான்.

குமரன்: நான்தான்னா யாரு?

குரல்: நீதான்டா. நாளைக்கு ஒன்பது மணி. சீக்கிரம் பேசு, போன்ல சார்ஜ் இல்ல.

குமரன்: சார்ஜர் போட வேண்டியதுதானே?

குரல்: சார்ஜர் அவனோடது.

பாஸ்கர்: யாருடா போன்ல?

குமரன்: நான்.

பாஸ்கர்: நீயா? சரி, நாளைக்கு மேட்ச்ல யாரு ஜெயிச்சான்னு கேளு.

குரல்: பக்கத்துல அவனா?

குமரன்: பாஸ்கர்தான். மேட்ச் கேக்கறான்.

குரல்: அவனுக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல.

குமரன்: எப்பலேர்ந்து?

குரல்: அங்க இப்ப மணி என்ன?

குமரன்: ஒன்பது அஞ்சு.

குரல்: இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

போன் கட்டாகிறது. குமரன் மெதுவாகத் திரும்பிப் பாஸ்கரைப் பார்க்கிறான்.

பாஸ்கர்: என்னவாம்?

குமரன்: நீ என்னை என்னடா பண்ணப் போற?

பாஸ்கர்: சால்னா ஊத்தப் போறேன்.

மீதி எபிசோட் அந்த இருபது நிமிடம். எதற்காகச் சண்டை வரப்போகிறது என்று குமரன் துருவித் துருவிக் கேட்கிறான். பாஸ்கர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் செய்யாத தப்புக்குக் குறுக்கு விசாரணை நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பழைய வாடகை பாக்கி, போன வருடம் ஊருக்குப் போகும்போது சொல்லாமல் எடுத்துப்போன சட்டை எல்லாம் வெளியே வருகின்றன. 9.25-க்குப் பாஸ்கர் சார்ஜரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அந்தச் சண்டைக்குக் காரணம் அந்த போன்தான்.

கடைசிக் காட்சி மறுநாள் இரவு 9 மணி. குமரன் வேறு சட்டையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், போனில் சார்ஜ் இரண்டு சதவீதம். நேற்றைய தன்னை எச்சரித்துவிடலாம் என்றுதான் அழைக்கிறான். ‘நான்தான்’ என்று ஆரம்பிக்கிறான். ஆனால் ‘மேட்ச் கேக்கறான்’ என்று அந்தப் பக்கம் சொன்னதும் அவனுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. அதே வசனம், வார்த்தை மாறாமல், இந்த முறை அவன் முகத்தில் கேமரா.

இதில் நான் ரசிப்பது, ஒரு தடவை எழுதிய வசனம் இரண்டு காட்சிக்கு ஆகிறது என்பது. முதல் முறை சிரிப்பாக இருந்த வரி இரண்டாம் முறை கொஞ்சம் வலிக்கவும் செய்யும். செலவைப் பாருங்கள்: ஒரு அறை, இரண்டு நடிகர், இரண்டு சட்டை, ஒரு சார்ஜர். பரோட்டா மட்டும் ரீடேக்குக்காக நாலு செட் வாங்கி வைக்க வேண்டும். நாளைய குரல் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இரவுக் காட்சியும் அறைக்குள்தான் என்பதால் சன்னலை மூடிவிட்டுப் பகலிலேயே ஒரே கால்ஷீட்டில் எடுத்துவிடலாம்.

தொடர் என்பதால் இன்னும் கொஞ்சம்

ஒரு எபிசோட் எழுதுவதும் ஆறு எழுதுவதும் வேறு வேறு. ஆறாவது எபிசோடிலும் இவர்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் யாரும் ரொம்பத் திருந்திவிடக் கூடாது. ஆபீசர் ஆகத் துடிப்பவர் ஆபீசர் ஆகிவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். புதிதாக எழுதுகிறவர்கள் முதல் எபிசோடின் முடிவிலேயே இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க வைத்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இரண்டாவது எபிசோடில் பேச ஒன்றும் இருக்காது.

நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்யும் ஒரு பழக்கம் உண்டு. படம் எதுவும் இல்லாமல் ஸ்கிரிப்டை இரண்டு நண்பர்களை வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கிராண்டும் நெய்லரும் 1980களின் தொடக்கத்தில் பிபிசி ரேடியோவுக்கு எழுதிய சின்ன நகைச்சுவைத் துண்டு ஒன்றில்தான் ரெட் ட்வார்ஃபின் விதை இருந்தது: விண்வெளியில் தனியாக ஒருவன், பேச்சுத்துணைக்கு ஒரு கம்ப்யூட்டர். காதால் கேட்டபோதே வேலை செய்தது என்பதால்தான் மான்செஸ்டர் ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்தபோதும் அது தாங்கியது. படிக்கும்போது மூன்று பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்றால் கிராஃபிக்ஸ் வந்து காப்பாற்றாது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கையும் அப்போதே கடிகாரம் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம், சண்டை வசனங்கள் இன்னும் வேகமாக ஓடும்.

பணம் கொஞ்சம் கூடினாலும் பழக்கத்தை விட வேண்டாம். 1993-இல் ரெட் ட்வார்ஃப் ஒரு கௌபாய் எபிசோட் எடுத்தது. அதற்காக ஒரு ஊரையே செட் போடவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கௌபாய் ஆர்வலர்கள் தங்கள் சந்தோஷத்துக்காகக் கட்டி வைத்திருந்த குட்டி ஊருக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார்கள். அந்த எபிசோடுக்கு 1994-இல் சர்வதேச எம்மி விருது கிடைத்தது. உங்கள் நண்பர்களில் யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டு எழுத உட்காருங்கள். மூடிக்கிடக்கும் ஒரு அச்சகம், மாமா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் டியூஷன் சென்டர், எதுவாக இருந்தாலும் சரி.

என்னிடம் இப்போதைக்கு இருப்பது அந்த மேன்ஷன் அறைதான். இரண்டாவது எபிசோடில் சார்ஜர் திரும்பி வந்துவிட்டது, இருவரும் சமாதானம். இரவு 9 மணிக்குப் போன் அடிக்கிறது. இந்த முறை பாஸ்கரின் போன்.